எதிர்த்தாப்புல ஊதாக் குடை

உக்காருங்க அண்ணாச்சி, நிழல்ல நல்லாத் தள்ளி உக்காருங்க. மெசேஜ் அனுப்பியாச்சுல்ல? பழைய நம்பரோடயே கம்பெனி மாறணும்னா போர்ட்டுன்னு அடிச்சு, இடைவெளி விட்டு, உங்க நம்பரைப் போட்டு, ஆயிரத்தித் தொள்ளாயிரத்துக்கு. காட்டுங்க... ஆமா, போயிருச்சு. இப்ப ஒரு கோடு வரும், எட்டு எழுத்துல ரகசிய நம்பரு மாதிரி. அந்தக் கோடு வந்ததும் நீங்க ராஜா. இப்ப நீங்க வச்சிருக்க சிம்மு கம்பெனி, அந்த ஊதாக்காரன், உங்களைப் புடிச்சு வைக்க முடியாது. பாக்கி இல்லேன்னா, சேந்து தொண்ணூறு நாள் ஆயிருந்தா, விட்டுத்தான் ஆகணும். சட்டம் அது! நம்பர் உங்களோடது, கம்பெனியோடது இல்ல. எனக்கு இதைச் சொல்றப்ப எல்லாம் புல்லரிக்கும். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

சாத்தூர் பஸ்ஸா? அது இப்பத்தான் போச்சு. அடுத்தது வர நேரமாகும். நல்லதாப் போச்சு. கோடு வர்ற வரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம்.

நான் பி.ஏ. எகனாமிக்ஸ் அண்ணாச்சி. பாத்தா தெரியாது. பச்சை டீசர்ட்டைப் போட்டுக்கிட்டு, பச்சைக் குடைக்கு அடியில பச்சை ஸ்டூல்ல உக்காந்தா வெட்டுக்கிளி மாதிரிதான் தெரியும். ஆனா போட்டின்னா என்ன, போட்டி இல்லேன்னா என்ன ஆகும், எல்லாம் படிச்சிருக்கேன். நான் இங்கன வந்து உக்காந்தப்ப இந்தக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல ஏழு கம்பெனி குடை இருந்துச்சு. கல்யாண வீடு மாதிரி கலர் கலரா இருக்கும். ஒருத்தன் சிம் வாங்கினா சோப்பு டப்பா கொடுப்பான், இன்னொருத்தன் பனியன் கொடுப்பான். எங்களையும் சும்மா விடமாட்டாங்க. 'ஏ தம்பி, அங்க என்ன தாரான்? நம்மகிட்ட வா, பெட்ரோலும் சேத்துத் தாரேன்'ன்னு சாயங்காலம் டீக்கடைல வந்து நிப்பாங்க. எங்களை! எங்களைக் கூப்பிட்டாங்க அண்ணாச்சி!

அப்புறம் ஒண்ணொண்ணா மடிஞ்சு போச்சு. ஒண்ணு இன்னொண்ணை வாங்கிருச்சு, ஒண்ணு திவாலு, ஒண்ணு ராத்திரியோட ராத்திரியா குடையைச் சுருட்டிக்கிட்டுப் போயிருச்சு. இப்ப ரெண்டுதான். இங்கன பச்சை. எதிர்த்தாப்புல, அந்தா, வளையல் கடைக்குப் பக்கத்துல ஊதா.

ஒரு நிமிஷம்... சொல்லுங்கக்கா. நெட் வரலையா? ஏரோப்ளேன் மோடுல போட்டு வச்சிருக்கீங்க. ஆமா, அதை அமுக்கிட்டீங்க. இந்தா, வந்துருச்சு. காசெல்லாம் வேண்டாம் போங்க.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ரெண்டு குடை. சரி, ரெண்டு இருந்தாலும் போட்டி போட்டிதானே? நானும் அப்படித்தான் நெனச்சேன். அங்கதான் கதையே.

எங்க வேலைக்கு சம்பளம் கிடையாது. எத்தனை சிம் போட்டோமோ அத்தனை கமிஷன். கம்பெனிக்காரன் எங்களை நேரா வைக்கமாட்டான். ஊருக்கு ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் இருப்பாரு, அவருதான் எங்களுக்கு எல்லாம். எனக்குப் பால்வண்ணன் முதலாளி. நல்ல மனுசன், தீபாவளிக்கு அரைக்கிலோ ஸ்வீட்டு கொடுப்பாரு. ஊதாவுக்கு ஞானதுரை சாரு. அவரும் நல்ல மனுசன். எல்லாருமே நல்லவங்கதான், அதான் யாரையும் திட்ட முடிய மாட்டேங்குது.

எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு அண்ணாச்சி. சுகந்தி. சாத்தூர்தான். ஆமா, நீங்க போற ஊருதான். பிள்ளை பெத்துக்கப் போனவ, இன்னும் வரல. பய தவழ ஆரம்பிச்சுட்டான், வீடியோல பாத்தேன். அவ வரமாட்டேன்னு சொல்லல. எங்க மாமனாருதான் அனுப்பமாட்டேங்காரு. கூப்பிடப் போனப்ப வாசல்லயே வச்சுக் கேட்டாரு: 'மாப்ள, நீங்க எங்க வேலை பாக்கீங்க?'

'கம்பெனில மாமா.'

'கம்பெனிக்குச் செவரு இருக்கா?'

குடைக்கு ஏது செவரு. 'மழை பேஞ்சா லீவு, காத்தடிச்சா லீவு, இதுக்குப் பேரு வேலையா? மாசம் பொறந்தா சம்பளம்னு ஒண்ணு வரணும். கழுத்துல ஒரு அட்டை தொங்கணும். அட்டையோட வாங்க, பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க'ன்னுட்டாரு. சுகந்தி உள்ள நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தா. எட்டிப் பாக்கல.

அந்த நேரத்துலதான் ஊதால இருந்து சேதி வருது. எங்களை மாதிரி சிம் போட்டு விடுற புரொமோட்டருக்கு மாசச் சம்பளம்! ஐடி கார்டு! பி.எஃப்.! இன்னொரு ஆள் வேணும்னு ஞானதுரை சாரு ஆபீஸ் கண்ணாடில ஒட்டியிருந்தாரு. நான் பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன். போட்டின்னா இதுதான் அண்ணாச்சி! ஒருத்தன் நல்ல சம்பளம் கொடுத்தா இன்னொருத்தனும் ஏத்தித்தான் ஆகணும். புஸ்தகத்துல இருக்கே!

டீக்கடைல அவரைப் புடிச்சுட்டேன். 'சார், நான் வரட்டுமா?'ன்னேன்.

என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. 'வாங்களேன், பேசுவோம். சும்மா கையை வீசிக்கிட்டு வராம, உங்க கஸ்டமரு நாலு பேரோட வந்தா நமக்கும் நல்லா இருக்கும்'னாரு.

நாலு பேரா? அவரு சாதாரணமாச் சொன்னாரு. எனக்குத்தான் ரெக்கை மொளைச்சுருச்சு. பொண்ணு வீட்டுக்குச் சீர் கொண்டு போற மாதிரி கொண்டு போகணும்னு ஆயிருச்சு. தெருத்தெருவாப் போனேன். தீப்பெட்டி ஆபீஸ் வாசல்ல நின்னேன். கடலைமிட்டாய்க் கடை, ஆட்டோ ஸ்டாண்டு, மெக்கானிக் ஷெட்டு. நான் பச்சை சிம் போட்டுக் கொடுத்த ஆளுக அத்தனை பேரையும் தேடிப் புடிச்சு, 'அண்ணே, ஊதாவுக்கு மாறிருங்க, நான் அங்க போறேன், டவரு அங்கதான் நல்லா இருக்கு'ன்னேன். என் பேச்சுக்காக மாறினாங்க அண்ணாச்சி. நூறு பேருக்கு மேல. அந்த ஒரு விசயத்துல எனக்கு இன்னைக்கும் பெருமைதான். சுகந்தி நம்பரையும் மாத்திட்டேன், போன்லயே சொல்லிச் சொல்லி. நாமளே மாறாம ஊரை மாத்தினா நல்லாவா இருக்கும்?

ஊதாவுக்கு மாத்தணும்னா ஊதாக் குடைலதான் மாத்தணும். அங்கன அப்ப ஜெபாக்கா உக்காந்திருந்தாங்க. ஜெபமணி. ரெண்டு பொம்பளப் பிள்ளைக, வீட்டுக்காரரு கிடையாது. தண்ணி பாட்டில், முறுக்கு, சில்லறை, எல்லாம் எனக்கும் அவங்களுக்கும் ஒண்ணுதான். வெயில் சாஞ்சு என் பக்கம் அடிச்சா கையைக் காட்டி 'இங்கிட்டு வா தம்பி'ன்னு கூப்பிட்டு ஊதா நிழல்ல ஸ்டூல் போடுவாங்க. ஆளுகளை வரிசையா அவங்ககிட்டதான் அனுப்பினேன். யாருக்கா இருந்தாலும் சந்தோசம் வரணும்ல? அவங்களுக்கு வரல.

'தம்பி, போதும் நிறுத்து'ன்னாங்க.

'ஏன்க்கா, உங்க கணக்குலதானே ஏறுது!'

'அதான்ப்பா பயமா இருக்கு. இந்த மாசம் இவ்வளவு ஏத்திட்டா அடுத்த மாசம் அதையே டார்கெட்டா வைப்பாங்க. நான் எங்க போயி ஆள் புடிக்க?'

'நான் வந்துருவேன்லக்கா, ரெண்டு பேருமாப் பாப்போம்!'

'நீ வந்துருவியா? யாரு சொன்னா?'

'ஞானதுரை சாரு.'

'சேத்துக்கிடுதேன்னு வாயால சொன்னாரா? மொதல்ல அதைக் கேளு. கேட்டுட்டு அப்புறமா அங்கன எந்திரி.'

நான் என்ன நெனச்சேன்னா, தப்பா எடுத்துக்காதீங்க, அக்காவுக்குக் கொஞ்சம் பொறாமைன்னு நெனச்சேன். குடைக்கு அடியில இன்னொரு ஆள் வந்தா பங்கு குறையும்ல? அதுவும் எகனாமிக்ஸ்தான். அதனால கண்டுக்கிடாம சிரிச்சுக்கிட்டே இன்னும் பத்துப் பேரை அனுப்பினேன். அந்த மாசம் அக்காவுக்குக் கம்பெனில ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தாங்க. அதை ஸ்டூலுக்கு அடியில வச்சுக்கிட்டுப் பாம்பைப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தாங்க.

கோடு வந்துச்சா அண்ணாச்சி? இல்லையா. சில சமயம் லேட்டாகும். வந்துரும்.

அப்புறம் நான் முறைப்படி செஞ்சேன். போர்ட் மாதிரியே. பாக்கி இருக்கான்னு பாத்தேன், இல்ல. ஸ்டாக்கு, டேப்லெட்டு, கைரேகை மெஷினு, குடை, எல்லாத்தையும் தொடச்சுக் கொண்டு போயி பால்வண்ணன் முதலாளி மேசைல வச்சேன். 'முதலாளி, நான் ஊதாவுக்குப் போறேன். பாக்கி ஒண்ணும் இல்ல. விடணும்'னேன். கோவிச்சுக்கிடுவாருன்னு பாத்தா, டீ சொன்னாரு! 'போயிட்டு வா இசக்கிராஜ்'ன்னாரு. போயிட்டு வான்னா, சும்மா வழியனுப்ப எல்லாரும் சொல்றதுதானேன்னு நானும் கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலைல சலூனுக்குப் போயி, சட்டை தேச்சு, ஊதா ஆபீஸ். ஞானதுரை சாரு எழுந்திருச்சு கையெல்லாம் கொடுத்தாரு. 'பிரமாதம், கலக்கிட்டீங்க, சென்னைல இருந்தே போன் பண்ணிக் கேக்காங்க'ன்னாரு.

'எப்ப சார் சேரட்டும்?'

'பால்வண்ணன்கிட்ட ஒரு என்.ஓ.சி., உங்களை எடுத்துக்கிட ஆட்சேபணை இல்லேன்னு ஒரு லெட்டரு, வாங்கிட்டு வந்துருங்க.'

'அவரு எப்படி சார் தருவாரு? அவரோட கஸ்டமர் எல்லாம் இங்க வந்துட்டாங்க.'

'அப்பச் சேக்க முடியாதே தம்பி.'

'ஏன் சார்?'

'அவரு ஆளை நான் எடுக்குறதில்ல, என் ஆளை அவரு எடுக்குறதில்ல. அது எங்களுக்குள்ள ஒரு பேச்சு.'

'எழுத்துல இருக்கா சார்?'ன்னேன். கேக்க வேண்டிய கேள்வி அதுதானே?

சிரிச்சுட்டாரு. 'போன வருசம் கொடைக்கானல் மீட்டிங்ல சாப்பிடுறப்ப பேசுனது தம்பி. பிரியாணி எலையில எழுதினாத்தான் உண்டு.'

'அப்ப என் கஸ்டமரு?'

'அவங்க சுதந்திரமா மாறி வந்திருக்காங்க. அவங்களை நான் எப்படித் திருப்பி அனுப்ப? சட்டம் விடாதே.'

பாத்தீங்களா அண்ணாச்சி? சட்டம்! சிம்மு போகலாம், வரலாம். சிம்மைக் கையில புடிச்சிருக்கவன் போக முடியாது. இதுக்கு ஒரு பேரு இருக்கு, மோனாப்சொனி. விக்கிறவன் ஒருத்தன்னா மோனோபோலி. வாங்குறவன் ஒருத்தன்னா, உழைப்பை வாங்குறவனும் சேத்துத்தான், மோனாப்சொனி. பரிச்சைல எழுதி முழு மார்க்கு வாங்கியிருக்கேன்! மாமனாருகிட்டயும் அந்தப் பேரைச் சொல்லி விளக்கினேன். 'அந்தக் கம்பெனில வேலை கெடைக்குமா?'ன்னு கேட்டாரு.

நான் சும்மா விடல. தூத்துக்குடிக்குப் போயி லேபர் ஆபீஸ்ல மனு கொடுத்தேன். அந்த ஆபீசர் பாவம், பொறுமையாக் கேட்டாரு. 'உங்க முதலாளி யாரு?' பால்வண்ணன்னேன். அவருக்குப் போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல எனக்கும் கேட்டுச்சு. 'சார், அவன் எங்க ஆளே இல்ல. கமிஷன் ஏஜென்டு. தனி வியாபாரி.' நான் குறுக்க விழுந்து, 'தனி வியாபாரின்னா நான் எங்க வேணா வியாபாரம் பண்ணலாமே, அப்ப ஊதாவுல சேர விடச் சொல்லுங்க'ன்னேன். அதுக்கு முதலாளி, 'எங்க ஆளை அவங்க எப்படி சார் எடுப்பாங்க?'ன்னாரு. ஒரே போன்ல அண்ணாச்சி! ஒரே மூச்சுல! ஆபீசரு என்னையப் பாத்தாரு. நான் அவரைப் பாத்தேன். போனை வச்சுட்டு, 'தொழிலாளியா இருந்தா நான் பாக்கலாம். நீங்க வியாபாரி. இது என் பக்கம் வராதே தம்பி'ன்னாரு.

போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்த ஒரு ஆணையம் இருக்குல்ல, அங்கயும் கேட்டேன். 'நீங்க கஸ்டமரா?'ன்னாங்க. 'இல்லீங்க, கஸ்டமரைச் சேத்து விடுறவன்'னேன். கஸ்டமரு குறையைத்தான் நாங்க பாப்போம்னுட்டாங்க. கம்பெனிக கூட்டுச் சேந்துக்கிட்டா கேக்குறதுக்குன்னு டெல்லில இன்னொரு ஆணையம் இருக்கு, அதுக்கும் இங்கிலீஷ்ல நாலு பக்கம் அடிச்சு அனுப்பினேன். இந்தக் குடைக்கு அடியில இருந்துதான். ஒரு ரீசார்ஜ், ஒரு வரி. ஒரு ரீசார்ஜ், ஒரு வரி. ஆதாரம் என்னன்னு பதில் வந்துச்சு. பிரியாணி எலைக்கு நான் எங்க போக?

ஏன் 'இந்தக் குடைக்கு அடியில'ன்னு கேக்கீங்களா? ஆமா, திரும்பி வந்துட்டேன். சும்மா இருந்து பாத்தேன், முடியல. பால்வண்ணன் முதலாளிகிட்டயே போயி நின்னேன். அன்னைக்கும் டீ சொன்னாரு. கமிஷன் பழைய ரேட்டு கிடையாது, புதுசாச் சேர்றவங்களுக்கு என்னவோ அதான்னாரு. குடை மட்டும் அதே குடை. ஓரத்துல நான் போட்ட தையல்கூட அப்படியே இருக்கு, பாருங்க.

வந்து உக்காந்தா கஸ்டமர் யாரு இருக்கா? நான்தான் எல்லாரையும் அனுப்பிட்டேனே! திரும்பி வாங்கன்னா, தொண்ணூறு நாள் ஆகாம வர முடியாது. நானே சொன்ன சட்டம். ஆட்டோ ஸ்டாண்டுல என்னையக் கண்டாலே, 'ஏலே, இன்னைக்கு எந்தக் கலரு?'ன்னு கேலி பண்ணுவாங்க. தொண்ணூறு நாள் முடிஞ்சதும் போயிக் கூப்பிட்டேன். 'போப்பா, உனக்காக ஒரு தடவை மாறியாச்சு'ன்னுட்டாங்க.

முதலாளிக ரெண்டு பேருக்குள்ள சண்டை வந்திருக்கும்னு நெனைக்கீங்களா? ஒண்ணும் இல்ல. போன மாசம் பால்வண்ணன் முதலாளி வீட்டுக் காதுகுத்துக்கு ஞானதுரை சாருதான் முன் வரிசைல உக்காந்திருந்தாரு. நான் பந்தில தண்ணி ஊத்தினேன்.

ஜெபாக்காவா? ஆமா, அந்த ஸ்டூல் காலியாத்தான் கிடக்கு. அடுத்த மாசம் டார்கெட்டை ஏத்திட்டாங்க. அக்காவால முடியல. அதுக்கு அடுத்த மாசமும் முடியல, எந்திரிக்கச் சொல்லிட்டாங்க. புரொமோட்டருக்கு மாசச் சம்பளம்கிறதும் அதோட போச்சு, அந்த நோட்டீஸையும் கிழிச்சுட்டாங்க. நான்தான் யோசனை சொன்னேன், பச்சைல கேளுங்கக்கான்னு. போயிக் கேட்டாங்க. 'ஊதா ஆளாச்சேம்மா'ன்னுட்டாரு முதலாளி. இப்ப தீப்பெட்டி ஆபீஸ்ல தீக்குச்சி அடைக்கப் போறாங்க. ஒரு வகைல நல்லதுதான், வெயில் இல்ல, செவரு இருக்கு. ஆனா ஒண்ணு அண்ணாச்சி, காலைல ஷிப்டு பஸ்ஸுல இருந்து இங்கனதான் எறங்குவாங்க. நான் 'என்னக்கா'ன்னு கையைத் தூக்குவேன். பாக்காத மாதிரி போயிருவாங்க. ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. நான் அவங்களுக்கு நல்லதுதானே செஞ்சேன்? ஹாட்பாக்ஸே என்னாலதானே வந்துச்சு? சரி, வேலை போன வருத்தத்துல இருப்பாங்க.

சுகந்திகிட்ட இதெல்லாம் சொல்லுவேன். மொதல்ல எல்லாம் கேப்பா. இப்ப 'ம்' மட்டும் வருது. போன வாரம் கேட்டா: 'ஊர்ல உள்ளவங்க அத்தனை பேரையும் மாத்தி விட்டீங்களே, எங்களை எப்பங்க கூப்பிட்டுக்குவீங்க?' நான் சிக்னல் சரியில்லன்னு கட் பண்ணிட்டேன். ஊதா சிம்முல்ல, அவ வீட்டுக்குள்ள டவரு கம்மிதான். நெசமாவே கம்மிதான்.

டொய்ங்னுச்சே! உங்களோடதுதானே? காட்டுங்க காட்டுங்க... வந்துருச்சு! பாத்தீங்களா! இதுதான் கோடு. உங்களை இனி ஒரு பய தடுக்க முடியாது. ஆதார் இருக்குல்ல? இந்தக் கேமராவைப் பாருங்க, சிரிக்க வேண்டாம்...

பிளானா? அதே பிளான்தான். இருபத்தெட்டு நாளு. ஊதாவுல எவ்வளவு போடுறீங்க? அதேதான் இங்கயும். ஆமா, ஒரு ரூபா முன்னப் பின்ன இருக்காது. போன தடவை ரேட்டை ஏத்துனப்பக்கூட வெள்ளிக்கிழமை அவன் ஏத்தினான், திங்கக்கிழமை இவன் ஏத்திட்டான். டவரா? அங்கயும் இங்கயும் கம்பம் ஒண்ணுதான், வாடகைக்கு நிக்கிறாங்க.

அப்ப எதுக்கு மாறணும்னா... அப்படிக் கேட்டா எப்படி அண்ணாச்சி? மாறலாம்ல? மாற முடியும்ல? அதுதானே விசயம்!

சரி சரி, பஸ் வந்துருச்சு, ஓடுங்க, எடம் கிடைக்காது. யோசிச்சே வாங்க, அவசரம் இல்ல. அந்தக் கோடு நாலு நாளைக்கு செல்லும். அதுக்கு மேல ஆனாலும் இன்னொரு மெசேஜ் போட்டாப் போதும். எப்ப வேணா வாங்க, நான் இங்கனதான் இருப்பேன். நான் எங்க போயிறப் போறேன்?